முப்பது நொடிக்காரர்

முப்பது நொடிக்காரர் ஓய்வு பெற்றவராக இருந்தே ஆக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஆயினும் கன்னியாகுமரி மாவட்டத்துப் புதுக்கடை வட்டாரத்தில் காணக் கிடைக்கும் முப்பது நொடிக்காரர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பணி முடித்தவர்களாகவோ, வளைகுடா நாடொன்றில் கிடங்குக் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர்களாகவோ இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையாகத் தொடங்கி, நெட் சென்டராக வளர்ந்து, இன்று மின்கட்டணம் முதல் விசா நகல் வரை அனைத்தையும் கவனிக்கும் கடைகளே இவர்களுடைய வாழிடம். கணினியின் முன் வேறொருவர் அமர்ந்து தம் கடவுச்சொல்லை நினைவுகூர முயன்றுகொண்டிருக்கும் நேரம் பார்த்து, "கொஞ்சம் தள்ளி இரி மக்களே, நான் காட்டித் தாறேன்" என்று தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுமாயின், வந்திருப்பவர் யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மவுஸ் அதற்குள் அவர் கைக்குப் போயிருக்கும்.

அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவது பிழை. இணைய மின்னஞ்சல் என்பது, கடிதங்களைச் சொந்தக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளாமல், நிறுவனமொன்றின் சர்வரிலேயே விட்டுவைத்து, உலாவியின் வழியாக எந்த ஊரிலிருந்தும் திறந்து படிக்கும் முறை. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கிவைத்த பிறகு உலகெங்கும் பரவிய இம்முறை, 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்தபோது பெற்ற 1 ஜிகாபைட் இடம் அக்காலத்துக்கு எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், முட்டாள்கள் தினத்துக் கேலியோ என்று பலர் ஐயுற்றார்கள். அந்த ஐயம் தமக்கு அன்றைக்கே எழவில்லை என்பது முப்பது நொடிக்காரரின் வாக்கு. ஜிமெயில் முதலில் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைத்தது என்பதும், அழைப்பின்றி எவரும் சேரலாம் என்றானது 2007-இல்தான் என்பதும், அவருடைய சொந்தப் பெட்டியில் கிடக்கும் மிகப் பழைய கடிதம் 2011-ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்கியிருக்கிறது என்பதும் இந்த வாக்கைச் சற்றும் அசைப்பதில்லை.

ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வைக்கப்படும் புள்ளிகளை அந்தச் சேவை கணக்கில் கொள்வதே இல்லை என்பதும், பெயரின் இறுதியில் கூட்டல் குறியிட்டு ஏதேனும் ஒரு சொல்லைச் சேர்த்தாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் வரும் என்பதும், அதனால் ரப்பர் வியாபாரிக்கு ஒன்று, பேரனின் பள்ளிக்கு ஒன்று என்று ஒரே முகவரியைப் பல முகங்களோடு கொடுத்து எவர் எழுதியதென்று பிரித்தறியலாம் என்பதும் அவர் சொல்லித்தான் பலருக்கும் தெரிந்தன. 15 ஜிகாபைட் இலவச இடம் கடிதங்களுக்கு மட்டும் உரியதன்று, ஒளிப்படங்களும் டிரைவில் சேமித்த கோப்புகளும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. எனவே பெட்டி நிறைந்துவிட்டதென்ற அறிவிப்பு வந்தால் சிறு கடிதங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பது வீண், தேடல் கட்டத்தில் 'லார்ஜர்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் '10எம்' என்பதையும் இடைவெளியின்றித் தட்டினால் 10 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும் என்பதும் அவருடைய உபதேசமே. இவையெல்லாம் உண்மை, பயனுள்ளவை. ஒருவர் இவற்றோடு நிறுத்திக்கொண்டால் அவரைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

அவர் நிறுத்திக்கொள்வதில்லை, காரணம், அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி. கடைக்காரர்கள் 'அண்டூ' என்றும், தமிழ்த் திரை 'செயல்தவிர்' என்றும் சொல்லும் இவ்வசதி, 2009-இல் சோதனை முயற்சியாக 5 நொடி அவகாசத்தோடு தொடங்கி, 2015-இல் நிலையான வசதியாயிற்று. பற்சக்கரக் குறியை அழுத்தி, எல்லா அமைப்புகளையும் காட்டும் பக்கத்துக்குச் சென்றால், அவகாசத்தை 5, 10, 20, 30 நொடி என்று நான்கில் ஒன்றாகத் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்த பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கி, மாற்றங்களைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் தேர்வு நிலைக்கும். புதுக்கடைச் சந்திப்பைச் சுற்றியுள்ளவர்களின் கணக்குகளில் பாதியையேனும் 30 நொடிக்கு மாற்றிவிட்டதாக அவர் பெருமைப்படுகிறார். அந்த அடிப் பொத்தானை அவர் பெரும்பாலும் மறந்துவிடுவதால் ஊர் தப்பித்திருக்கிறது. தம்முடைய கணக்கில் மட்டும் அவர் மறக்கவில்லை.

இவ்வசதி உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். ஏனெனில் முழு வில்லங்கமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. முப்பது நொடிக்காரரின் கொள்கைப்படி, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் கடிதம் குவைத்துக்கோ சென்னைக்கோ பறந்து சென்று பெறுநரின் பெட்டியில் விழுந்துவிடுகிறது. செயல்தவிர் என்பதை அழுத்தினால் கூகுள் ஆளனுப்பி, "அவனுக்க பெட்டிக்குள்ள போயி, பிடிச்சு இழுத்துக் கொண்டு வந்திரும்". நடப்பதோ வேறு. அவகாசம் முடியும்வரை கடிதம் கிளம்புவதே இல்லை. திரையின் அடியில் அனுப்பப்பட்டதாக ஒரு பட்டை தோன்றினாலும், அது கட்டுக்கட்டி வாசலில் வைத்த மூட்டையைப் பார்த்து வண்டியேறிவிட்டது என்று சொல்வதைப் போன்றதுதான். 30 நொடி கடந்தபின் உலகில் எந்தப் பொத்தானும் அதை மீட்டுத் தருவதில்லை. அவகாசம் என்பது திரும்பப் பெறும் உரிமைக்கு வைத்த பெயராகத் தோன்றினாலும், அதன் உள்ளியல்பு தாமதம் ஒன்றே.

இந்த ஊரின் பழைய அஞ்சல் முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மின்னஞ்சல் என்ற சொல்லின் பின்பாதி, விளவங்கோட்டுப் பகுதியினருக்குப் பாடநூல் வழியாக வந்த சொல்லன்று. திருவிதாங்கூர் அரசு நடத்திய தபால் துறைக்கே அஞ்சல் என்றுதான் பெயர், 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு இணையும்வரை அது தனியாகவே இயங்கிற்று. மணி கட்டிய தடியோடு ஓடிய அஞ்சலோட்டக்காரனுக்கு வழியில் எதிர்ப்படுவோர் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. பையைத் தோளில் ஏற்றி அவன் ஓடத் தொடங்கியபின், விளிச்சொல்லில் 'பெரு' என்ற முன்னொட்டு விடுபட்டுவிட்டதென்று எவரும் அவனைக் கூவி அழைத்ததாகத் தெரியவில்லை. அருகிலேயே முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோயிலில் ஆண்டுதோறும் சிவராத்திரியை ஒட்டித் தொடங்கும் சிவாலய ஓட்டத்திலும் ஓடுகிறவர்கள் பன்னிரண்டு கோயில்களையும் தொட்டு முடிக்கத்தான் கிளம்புகிறார்கள். முதல் கோயிலிலிருந்து முப்பது அடி போனதும் திரும்பி வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் புறப்படுவோமென்று எவரும் நினைப்பதில்லை.

முப்பது நொடிக்காரரின் கடிதமோ அப்படித்தான் புறப்படுகிறது. ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தலைவருக்கு அனுப்பும் செயலை எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை அனுப்பு என்பதை அழுத்தியதும், விளியில் 'மதிப்பிற்குரிய' என்றிருப்பது கண்ணில் படுகிறது; தலைவர் போன வாரந்தான் பேரப்பிள்ளை எடுத்தவர், 'பெருமதிப்பிற்குரிய' என்பதே முறை. செயல்தவிர். இரண்டாம் முறை, நகல் பெறுவோர் வரிசையில் பொருளாளரின் பெயர் செயலாளரின் பெயருக்கு முன்னால் நிற்பது தெரிகிறது. நகல் என்பது, தட்டச்சுக் காலத்தில் கரித்தாள் வைத்து எடுத்த படியின் பெயரை மின்னஞ்சலிலும் தாங்கி நிற்கும் பகுதி. அவ்வரிசைக்குப் பொருளேதும் இல்லையென்று உலகம் நினைக்கலாம், புதுக்கடையில் அதற்குப் பொருள் உண்டு. செயல்தவிர். மூன்றாம் முறை, இணைப்பு சேர்ந்திருக்கிறதா என்ற ஐயம், சேர்ந்திருக்கிறது, ஆனால் திறக்குமா? செயல்தவிர், திறந்து பார்த்தல், திறக்கிறது, மூடல். நான்காம் முறை அனுப்பும்போது வரவுசெலவுப் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி காற்புள்ளியாக இருந்தது நினைவுக்கு வர, அது பிடிஎஃப் ஆகையால் திருத்த இயலாதென்று கடைப் பெண் சொல்லியும், "நீ சும்மா இரி பிள்ளே" என்ற பதிலோடு மீண்டும் செயல்தவிர்.

இத்தனையும் பெறுநருக்குத் துன்பம் தருவதில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. துன்பம் ஐந்தாம் முறையில் தொடங்குகிறது. ஐந்தாம் முறை அனுப்பியதும் திரையைப் பார்த்துத் திருப்தியுற்ற முப்பது நொடிக்காரர், தம் தலைமுறையின் மாறாத வழக்கப்படி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பெறுநரை அழைக்கிறார். தலைவருக்கு வணக்கம் சொல்லி, உடல்நலம் கேட்டு, "மெயில் போட்டாச்சு சாரே, கிட்டிச்சா?" என்று வினவ 20 நொடி ஆகிறது. கடிதம் அப்போது வாசலில் மூட்டையாக உட்கார்ந்திருக்கிறது. பெறுநர் தம் பெட்டியைத் திறந்து பார்த்து, உண்மையைச் சொல்கிறார்: கிட்டவில்லை. இந்த ஒரு சொல்லில் முப்பது நொடிக்காரருக்கு வெப்ராளம் பிடிக்கிறது. கடிதம் வழியில் தொலைந்தது, முகவரியில் பிழை, கடையின் நெட் மோசம், எது எப்படியிருப்பினும் தவறாகப் போன கடிதத்தை முதலில் திரும்ப அழைக்க வேண்டும் என்று முடிவு செய்து, 27-ஆம் நொடியில் செயல்தவிர் என்பதை அழுத்திவிடுகிறார். வாசலில் கிடந்த மூட்டை வீட்டுக்குள் வருகிறது. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மறுபடியும் அனுப்புகிறார். மறுபடியும் அழைக்கிறார். "இப்பம் கிட்டிச்சா?"

இந்தச் சுழற்சி எத்தனை முறை நிகழும் என்பது பெறுநர் எவ்வளவு விரைவாகப் போனை எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. நிதானமாக எடுப்பவருக்குக் கடிதம் முதல் முறையிலேயே வந்துவிடுகிறது. முதல் மணியிலேயே எடுத்துப் பணிவோடு பதில் சொல்லும் நல்லவர்களே சிக்கிக்கொள்கிறார்கள். தாம் கற்பித்த வசதியே தம் கடிதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவரிடம் எடுத்துச் சொன்ன கடைப் பெண்ணுக்கு, 1996-லிருந்து இணையத்தின் வரலாறு முழுவதும் விளக்கமாகக் கிடைத்தது.

மற்றப் பழக்கங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். குறித்த நேரத்தில் தானே கிளம்பும்படி கடிதத்தை முன்கூட்டி வைக்கும் வசதி 2019-இல் ஜிமெயிலில் வந்தது. அதைக் கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கடிதங்களைக் கிளப்பித் தாம் வைகறையில் எழுபவர் என்ற பெயரை ஈட்டியிருக்கும் அவர், முந்தைய இரவு ஒன்பது மணிக்கே அழைத்து, காலையில் ஒன்று வரும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவைக்கிறார். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட விடுமுறைத் தானியங்கிப் பதிலை இயக்கிவிட்டுப் போவார். திரும்பிய பின் நிறுத்த மறந்துவிடுவார். அவர் வெளியூரில் இருப்பதாகச் சொல்லும் பதில், அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது வந்து சேர்வதும் உண்டு. ஒரே ஆளுக்கு நான்கு நாளில் ஒரு முறைக்கு மேல் அந்தப் பதில் போகாதபடி ஜிமெயிலே கட்டுப்படுத்தியிருப்பது ஆறுதல். கடிதத்தின் இறுதியில் தானாகச் சேரும் கையொப்பத்தில், பெயர், முன்னாள் பதவி, வீட்டுப்பெயர், அஞ்சல் குறியீட்டெண் ஆகியவற்றுக்குப் பிறகு, வெளியூர்க்காரர்கள் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று அழைப்பது தவறென்றும், அப்பெயர் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களுக்கே உரியதென்றும், புதுக்கடை பழைய விளவங்கோட்டைச் சேர்ந்த மண் என்றும் மூன்று வரி இருக்கிறது. அவர் சொல்வது சரிதான். கடிதத்தைவிட அது நீளம் என்பதுதான் குறை.

எனினும், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் கடைக்கு வரும் இளைஞனோ செவிலிப் பெண்ணோ அவருடைய நாற்காலிப் பறிப்பால் அடையும் நன்மையைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் நேர்மையற்றதாகிவிடும். கணக்கைத் திறக்கும்போது போனுக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை, ஓடிபி என்று எல்லோரும் அறிந்த அதை, இரண்டாம் பூட்டாக வைத்திருப்போர், வெளிநாடு சென்று உள்ளூர் சிம் செயலிழந்ததும் தம் பெட்டிக்குள் தாமே நுழைய முடியாமல் வெளியே நிற்கிறார்கள். பணி உத்தரவும், சான்றிதழ் நகலும், சம்பளப் பேச்சும் உள்ளே. இதற்கான மருந்து கூகுளே தருவது: இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியபின், பாதுகாப்புப் பகுதியில், எட்டு இலக்கம் கொண்ட பத்துக் காப்புக் குறியீடுகளை ஒரே முறையில் பெற்றுக்கொள்ளலாம்; ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும்; சிம்மோ குறுஞ்செய்தியோ அதற்கு வேண்டியதில்லை. முப்பது நொடிக்காரர் இக்குறியீடுகளைத் தம் செலவில் அச்சிட்டு, நான்காக மடித்து, "பாஸ்போர்ட்டுக்க கூட வைக்காதே மக்களே, வேற எடத்தில வை, ரெண்டும் ஒண்ணா தொலஞ்சா பின்ன ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கையில் திணிக்கிறார். ஸ்பேம் எனப்படும் எரிதக் கடிதப் பெட்டிக்குள் விழுந்த கடிதங்கள் 30 நாளில் தாமாக அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, வேலைக்கு விண்ணப்பித்தவர்களை அங்கே தேடிப் பார்க்கச் சொல்கிறவரும் அவரே. இரண்டு ஆண்டு தொடாத கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும் என்ற, 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதியை, கடலுக்குப் போய்வரும் குடும்பங்களில் பெட்டியைத் திறக்காமலே வைத்திருப்போருக்கு எடுத்துச் சொல்கிறவரும் அவரே. குவைத்திலிருந்து நள்ளிரவில் வரும் நன்றிக் குரல்களை அவர் எவரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அரைப்புள்ளியைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் சொல்கிறார்.

ஆனால் அவரை மன்னிக்க முடியாத இடம் ஒன்று உண்டு, அதைச் சிரித்துக்கொண்டு கடந்துவிட இயலாது. செயல்தவிர் என்பதை அழுத்தியதும் கடிதம் மறைவதில்லை. மீண்டும் எழுதும் சட்டமாகத் திறக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால், வரைவு என்ற பகுதியில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. பேருந்து வந்துவிட்டதென்றோ, தேநீர் ஆறிவிடுமென்றோ, யாரோ அழைத்தார்கள் என்றோ ஆறாம் முறைக்கும் ஏழாம் முறைக்கும் இடையில் அவர் எழுந்துபோகும் நாள்கள் உண்டு. அவர் நினைவில் அக்கடிதம் அனுப்பப்பட்ட கடிதம்; ஆறு முறை அனுப்பப்பட்ட கடிதம். எதிர்முனையில் ஒருவர் மூன்று நாளாகக் காத்திருக்கிறார். ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டிய பரிந்துரைக் கடிதமும், நிலத்தின் பழைய கரம் கட்டிய ரசீதின் நகலும், கூட்டம் நடக்கும் தேதியும் அவருடைய வரைவுப் பகுதியில் கிடந்திருக்கின்றன. கேட்டால், "அது அண்ணைக்கே போட்டாச்சே!" என்ற பதில் கோபத்தோடு வருகிறது, கேட்டவர்தான் தம் பெட்டியை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது தீர்ப்பாகிறது, அதோடு பெட்டியைப் பார்ப்பது எப்படி என்று அரைமணி நேர வகுப்பும் கிடைக்கிறது. வரைவுப் பகுதியைத் திறந்து பார்க்கும்படி எத்தனையோ பேர் தாழ்மையாகச் சொல்லியாயிற்று. அவ்வளவு வசதிகளையும் அறிந்த மனிதர், இடப்பக்கத்தில் எண்ணோடு நிற்கும் அந்த ஒரே வரியை மட்டும் ஒருநாளும் அழுத்துவதில்லை. அது எழுதி முடிக்காதவர்களுக்கான பகுதியாம்.

காத்திருந்து சலித்தவர்கள் காலப்போக்கில் தமக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலும் அது எழுதப்படவில்லை. அவர் அழைத்து, நலம் கேட்டு, "கிட்டிச்சா?" என்றதும், பெட்டியைத் திறந்தே பாராமல், "கிட்டியாச்சு சாரே, நல்லா தெளிவா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு ஒன்று கேட்கிறது. சுட்டுவிரல் செயல்தவிர் என்பதை விட்டு விலகுகிறது. "கண்டா? எத்தற வேகம்!" என்று அவர் வியந்து, கடையில் இருப்பவர்களிடமும் திரும்பி அதையே சொல்லிக்கொண்டிருக்கும்போது, பத்துப் பதினைந்து நொடி கழித்து, கடிதம் வந்து சேர்கிறது.